பெட்டியில் பகடை இருக்கிறது, ஆட்டம் நடத்த ஆள்தான் இல்லை: டி அண்ட் டி ஸ்டார்டர் செட்

டேபிள்டாப் ரோல்பிளேயிங் ஆடப் புது ஆட்கள் ஏன் வருவதில்லை என்று, இந்த ஆட்டக்காரர்கள் நாலு பேர் கூடினால் ஒரு புலம்பல் ஆரம்பித்துவிடும். ஒருவர் செல்போனைத் திட்டுவார், ஒருவர் வீடியோ கேமைத் திட்டுவார், இன்னொருவர் விலையைச் சொல்வார், கடைசியில் யாராவது ஒருவர் 'இந்தக் காலத்துப் பசங்களுக்குப் பொறுமை கிடையாது' என்று தீர்ப்பு எழுதிவிடுவார். எனக்கும் இந்தச் சண்டையில் ஒரு கட்சி உண்டு, ஆனால் சும்மா பேசுவதைவிட ஒரு பொருளைக் கையில் வைத்துக்கொண்டு பேசலாம் என்று தோன்றியது. 2014-இல் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் வெளியிட்ட டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (சுருக்கமாக டி அண்ட் டி) ஸ்டார்டர் செட்தான் அந்தப் பொருள். புதியவர்களை உள்ளே இழுப்பதற்கென்றே செய்த பெட்டி. ஆள் வராததற்கான காரணமும் இதற்குள்ளேயே எங்காவது இருக்க வேண்டும் அல்லவா.

ஆட்டமே தெரியாதவர்களுக்கு முதலில் சுருக்கமாக. மேஜையைச் சுற்றி நாலைந்து பேர் உட்காருகிறார்கள். ஒருவரைத் தவிர மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை எடுத்துக்கொள்கிறார்கள்: வாள்வீரன், மந்திரவாதி, பூட்டுத் திறக்கிற திருடன், இப்படி. மிச்சமிருக்கும் அந்த ஒருவர்தான் டன்ஜன் மாஸ்டர், டிஎம் என்பார்கள். கண்ணில் என்ன படுகிறது என்று அவர் சொல்வார், நாங்கள் இன்னது செய்கிறோம் என்று மற்றவர்கள் சொல்வார்கள், அது பலிக்குமா என்று சந்தேகம் வருகிற இடத்தில் இருபது முகப் பகடையை உருட்டிப் பார்ப்பார்கள். ஒருவர் ஜெயித்து மற்றவர் தோற்பது என்பதெல்லாம் கிடையாது. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் இருவரும் உருவாக்கிய முதல் டி அண்ட் டி, அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவா என்ற சின்ன ஊரிலிருந்து 1974-இல் வந்தது. முதலில் அடித்தது ஆயிரம் பெட்டி, உள்ளே மூன்று சின்னப் புத்தகங்கள். அந்தப் புத்தகங்களை மட்டும் படித்து ஆட்டம் எப்படி நடக்கும் என்று கண்டுபிடிப்பது பெரும்பாடு. ஏற்கெனவே ஆடுகிற ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துத்தான் பெரும்பாலானவர்கள் கற்றுக்கொண்டார்கள். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

இப்போது பெட்டி. அட்டையில் ஒரு வீரன் பச்சை டிராகனோடு மோதுகிறான், படம் பிரமாதம். ஆனால் கையில் தூக்கினால் எடையே இல்லை. திறந்தால் உள்ளே பெரும்பகுதி இடத்தை அடைத்துக்கொண்டிருப்பது வெறும் அட்டை மடிப்பு. அதற்கு மேல் 32 பக்க விதிப் புத்தகம், 64 பக்கக் கதைப் புத்தகம், நிரப்பி வைத்த ஐந்து கேரக்டர் ஷீட், ஆறு பகடை. நாலு முகத்தில் ஆரம்பித்து இருபது முகம் வரை வகைக்கு ஒன்று. அமெரிக்காவில் இதற்குப் போட்ட விலை 19.99 டாலர், அந்த விலைக்கு இது நியாயம்தான். கப்பலேறி நம்மூர் வந்து சேரும்போது விலை எங்கேயோ போய்விடும், அது வேறு கதை. எனக்கு எரிச்சல் பகடை விஷயத்தில்தான். இந்தப் பெட்டி பின்பற்றும் ஐந்தாம் பதிப்பு விதிகளிலேயே எனக்கு ரொம்பப் பிடித்தது அட்வான்டேஜ். சூழ்நிலை நமக்குச் சாதகமாக இருந்தால் இரண்டு டி20 (இருபது முகப் பகடை) உருட்டிப் பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளலாம், பாதகமாக இருந்தால் சின்ன எண்ணை எடுக்க வேண்டும், அவ்வளவுதான், குழந்தைக்குக்கூடப் புரியும். அந்த விதியை அச்சடித்துக் கொடுக்கிற பெட்டியில் டி20 ஒன்றே ஒன்று. ஐந்து பேருக்கும் டிஎம்முக்கும் சேர்த்து அந்த ஒன்றுதான், மேஜையைச் சுற்றிக் கைமாறிக்கொண்டே இருக்கும். இன்னொரு செட் பகடை தனியாக வாங்கிவிடுங்கள்.

கேரக்டர் ஷீட்டுகள் அருமை. பெட்டியில் சொந்தமாகப் பாத்திரம் உருவாக்கும் விதிகளே இல்லை என்று பழைய ஆட்டக்காரர்கள் பலர் குறைப்பட்டுக்கொண்டார்கள். (அந்த விதிகளை நிறுவனமே இணையத்தில் இலவசமாகப் போட்டிருந்தது.) என்னைக் கேட்டால் அது இல்லாததே நல்லது. முதல் நாள் வருகிறவரிடம் ஒன்பது இனம், பன்னிரண்டு தொழில் என்று பட்டியலை நீட்டி 'எது வேண்டும்' என்று கேட்டால் அவர் எப்படிச் சொல்வார்? இங்கே ஐந்து தாளை மேஜையில் விரித்துவிட்டால் போதும். இரண்டு மனித வீரர்கள், ஒரு குள்ளப் பூசாரி, ஒரு எல்ஃப் மந்திரவாதி, ஒரு ஹாஃப்லிங் (குட்டை மனித இனம்) திருடன். ஒவ்வொருவருக்கும் கதையில் ஒரு சொந்த விவகாரம் இருக்கிறது: திருடனுக்கு ஊரை மிரட்டும் ரெட்பிராண்ட்ஸ் கும்பலோடு பழைய கணக்கு ஒன்று, குள்ளனுக்கு இவர்களை வேலைக்கு அமர்த்திய குண்ட்ரன் ராக்சீக்கர் சொந்தக்காரர். அதனால் முதல் நிமிடத்திலிருந்தே 'நான் ஏன் இங்கே இருக்கிறேன்' என்ற கேள்வி வருவதில்லை. லெவல் ஏறும்போது என்ன மாறும் என்பதும் அந்தத் தாளிலேயே எழுதியிருக்கிறது.

கதைக்கு லாஸ்ட் மைன் ஆஃப் ஃபேன்டெல்வர் என்று பெயர், ரிச்சர்ட் பேக்கரும் கிறிஸ் பெர்கின்ஸும் எழுதியது. நெவர்விண்டர் என்ற நகரத்திலிருந்து ஃபேண்டலின் என்ற எல்லையோரச் சிற்றூருக்கு மாட்டு வண்டியில் சரக்கு ஏற்றிக்கொண்டு போகிறீர்கள். ஒரு திருப்பத்தில் இரண்டு குதிரைகள் செத்துக் கிடக்கின்றன, உடம்பில் கறுப்பு இறகு வைத்த அம்புகள். ஓரத்துப் புதரில் நாலு கோப்ளின்கள், குட்டிப் பூதங்கள் மாதிரி. அவ்வளவுதான் ஆரம்பம். உலக வரலாறு, ராஜ வம்சம், கடவுள்களின் பட்டியல் எதுவும் இல்லாமல் நேராக ரோட்டில் கொண்டுபோய் நிறுத்திவிடுகிறார்கள். புதியவர்களுக்கு எழுதிய கதைகளில் இதைவிட நல்ல தொடக்கம் கொண்டதை நான் ஆடியதில்லை.

ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் வேறு ஒன்று தெரியும். ஒரு கோப்ளின் அம்பு பட்டால் ஒரு ஆறுமுகப் பகடையோடு 2 கூட்டி அவ்வளவு ஹிட் பாயிண்ட் (உயிர்க் கணக்கு) போகும், அதாவது அதிகபட்சம் 8. முதல் லெவல் மந்திரவாதியின் மொத்த உயிரே கிட்டத்தட்ட அவ்வளவுதான். டி20-இல் இருபதே விழுந்துவிட்டால் பகடை இரட்டிப்பாகிறது. கோப்ளின்கள் நாலு, ஒளிந்திருந்து பாய்பவை, உங்கள் பக்கம் ஆட்டமே தெரியாத ஐந்து பேர். முதல் சண்டையிலேயே மொத்தக் கூட்டமும் சாய்வதற்கு நல்ல வாய்ப்பு உண்டு, உலகம் முழுக்க இந்தப் பெட்டியை ஆடியவர்கள் சொல்கிற கதை இது. புத்தகம் என்ன சொல்கிறது தெரியுமா? கோப்ளின்கள் ஜெயிப்பது நடக்காத காரியம், ஒருவேளை நடந்துவிட்டால் உங்களை மயக்கத்தில் போட்டுவிட்டு வண்டியைக் கொள்ளையடித்துப் போய்விடும் என்று ஒரு வரி. அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு, முகம் வாடி உட்கார்ந்திருக்கும் ஐந்து பேரைத் திரும்ப ஆட்டத்துக்குள் கொண்டுவர வேண்டியது யார்? டிஎம். அவரும் இன்றைக்குத்தான் முதல் தடவை ஆட்டம் நடத்துகிறார்.

சரி, இந்தப் பெட்டி நன்றாக வேலை செய்கிற இடத்தையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அநியாயம். ரோட்டுச் சண்டை முடிந்து தடம் பிடித்துப் போனால் கோப்ளின்களின் குகை வரும். அங்கே தலைவன் ஒரு பக்பேர் (கோப்ளினைவிடப் பெரிய, முடி அடர்ந்த ஜந்து), பெயர் கிளார்க் (இதைக் கேட்டதும் எங்கள் மேஜையில் எல்லோருக்கும் தாலுகா ஆபீஸ்தான் ஞாபகம் வந்தது). அவனுக்குக் கீழே ஈமிக் என்ற கோப்ளின், கட்டிப்போட்ட கைதி ஒருவனைப் பாறை விளிம்புக்கு இழுத்து வந்து, கிட்டே வந்தால் தள்ளிவிடுவேன் என்று மிரட்டுவான். பிறகு பேரம் பேசுவான்: கிளார்க்கைக் கொன்று தலையைக் கொண்டு வாருங்கள், இவனை விட்டுவிடுகிறேன். அதுவரை ஃபோனை அவ்வப்போது எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்த என் சித்தி பெண், அவள்தான் திருடன் பாத்திரம், நிமிர்ந்து உட்கார்ந்து, "அண்ணா, நான் அவன்கிட்ட பேசலாமா?" என்றாள். பேசு என்றேன். "தோ பாரு, அட்வான்ஸ் இல்லாம நாங்க வேலை எடுக்கிறதில்ல. மொதல்ல அந்த ஆள விடு, தலை அப்புறம் வரும்" என்றாள். மேஜையே சிரித்தது. புத்தகத்தில் அட்வான்ஸ் கேட்டால் என்ன செய்வது என்று எதுவும் கிடையாது. ஈமிக் கடைசியில் வாக்கு மாறிப் பணம் கேட்பான் என்பதுதான் அங்கே இருக்கிறது. நான் பகடையை உருட்டச் சொன்னேன், 17 விழுந்தது, பாதி அட்வான்ஸ் என்று முடிவானது: கைதியின் கட்டை அவிழ்ப்பான், ஆனால் ஆள் அவன் பக்கத்திலேயே இருப்பான். அதன் பிறகு அவள் ஃபோனைத் தொடவில்லை.

இந்த ஆட்டத்தின் சுகமே இதுதான். எந்தக் கம்ப்யூட்டர் கேமிலும் கோப்ளினிடம் அட்வான்ஸ் கேட்க பட்டன் கிடையாது. ஆனால் அந்தச் சுகம் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். பெட்டியிலிருந்து ஈமிக் வந்தான், பேரம் வந்தது. அட்வான்ஸ் கேட்டவுடன் திகைக்காமல் 'உருட்டு' என்று சொன்னதும், பாதி அட்வான்ஸ் என்ற தீர்வும், அதை கோப்ளின் குரலில் சொன்னதும் ஒரு ஆளிடமிருந்து வர வேண்டியிருந்தது. நான் ஏற்கெனவே வேறு ஒருவர் நடத்திய மேஜையில் ஆடிப் பழகியவன் என்பதால் வந்தது. பழகாத ஆள் என்ன செய்வார்? புத்தகத்தைப் புரட்டுவார். எல்லோரும் காத்திருப்பார்கள். சிரிப்பு அடங்கிவிடும்.

என் கட்சி இதுதான். ஆட்டக்காரர்கள் கிடைக்காமல் இந்த ஆட்டம் வாடவில்லை. கூப்பிட்டால் வர நாலு பேர் எங்கேயும் இருக்கிறார்கள். கூப்பிட்டு உட்காரவைத்து நடத்துகிற ஒருவர்தான் கிடைப்பதில்லை. ஸ்டார்டர் செட் என்று பெயர் வைத்து விற்கிற பெட்டிகள் விளையாடுகிறவர்களுக்கு எல்லாம் செய்து கொடுக்கின்றன, நடத்துகிறவரிடம் மட்டும் 64 பக்கத்தைக் கொடுத்துப் படித்துவிட்டு வா என்கின்றன. இந்தப் பெட்டியின் விதிப் புத்தகம் எப்படி அடிப்பது, எப்படி மந்திரம் போடுவது என்று தெளிவாகச் சொல்கிறது. கதைப் புத்தகத்தின் தொடக்கத்தில் டிஎம்முக்குச் சில பத்திகளில் நல்ல புத்திமதி இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் வீரர்கள் குகைப் பக்கமே போகாமல் வண்டியோடு திரும்பி நெவர்விண்டருக்கே போய்விடலாம் என்றால் என்ன செய்வது, இரண்டு பேர் பேசிக்கொண்டே இருக்க மூன்றாவது ஆள் வாயே திறக்காவிட்டால் என்ன செய்வது, ஒரு விதி ஞாபகம் வராவிட்டால் எவ்வளவு நேரம் தேடலாம், இந்த மாதிரி சங்கடங்களில்தான் முதல் டிஎம் மூழ்கிப்போகிறார். வரைபடங்கள் வேறு: கதைப் புத்தகத்துக்குள் அழகாக வரைந்திருக்கிறார்கள், ஆனால் அவற்றிலேயே இரகசிய வழியும் குறிக்கப்பட்டிருப்பதால் ஆட்டக்காரர்களுக்குக் காட்ட முடியாது. டிஎம்மே தாளில் வரைந்து காட்ட வேண்டும்.

டிஎம் வாசித்துக் காட்டுவதற்கென்று கதைப் புத்தகத்தில் கட்டம் போட்டு வைத்திருக்கும் பகுதிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. எழுத்து நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் ஆங்கிலத்தில் அதைச் சத்தமாகப் படித்தவுடன் நம்மூர் மேஜையில் பள்ளிக்கூட வாசனை வந்துவிடுகிறது. ஒரு தடவை மனதுக்குள் படித்துவிட்டு உங்கள் பேச்சில் சொல்லிவிடுங்கள்.

இதையெல்லாம் யாருமே முன்பு யோசிக்கவில்லையா என்றால், யோசித்திருக்கிறார்கள். 1983-இல் ஃபிராங்க் மென்ட்சர் தொகுத்த டி அண்ட் டி பேசிக் செட், அட்டையில் லாரி எல்மோர் வரைந்த சிவப்பு டிராகனோடு வந்த பெட்டி, பழைய ஆட்டக்காரர்கள் இன்றைக்கும் செல்லமாக ரெட் பாக்ஸ் என்பார்கள். அதைத் திறந்தால் விதிகள் முதலில் வராது. நீ ஒரு வீரன், குகைக்குப் போகிறாய் என்று கதை ஆரம்பித்துவிடும், தனியாக உட்கார்ந்து படிக்கலாம். பாம்பு வரும், சண்டை வரும், சண்டை வரும்போதுதான் சண்டை விதி வரும். அலீனா என்ற பூசாரிப் பெண் காயத்துக்கு மருந்து பார்ப்பாள், அப்போது பூசாரி என்றால் என்ன என்று தெரிந்துவிடும். பிறகு பார்கிள் என்ற மந்திரவாதி அவளைக் கொன்றுவிடுவான், அந்தக் கோபம் நாற்பது வருடம் ஆகியும் பலருக்கு அடங்கவில்லை. ஆட்டக்காரருக்கு 64 பக்கம், டிஎம்முக்குத் தனியாக 48 பக்கம், அதில் முதல் தடவை நடத்துகிறவரைக் கூடவே நடத்திக் கூட்டிப்போகிற ஒரு சின்ன டன்ஜன். பத்துப் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன், ஆட்டம் தெரிந்த அண்ணன் யாரும் இல்லாத ஊரில், இந்தப் பெட்டியை வைத்துக்கொண்டு தனியாகக் கற்றுத் தெருப் பிள்ளைகளுக்கு நடத்த முடிந்தது. பகடையின் பள்ளத்தில் இருந்த எண்களுக்கு நாமே வண்ணம் தீட்ட ஒரு கிரேயான்கூட உள்ளே வைத்திருந்தார்கள். அந்தக் காலத்துப் பெட்டிக்கு இன்றைய பெட்டியைவிட விதி குழப்பம் அதிகம், அட்வான்டேஜ் மாதிரி சுத்தமான யோசனை எதுவும் கிடையாது. இருந்தும் ஆளை உருவாக்கும் வேலையை அது ஒழுங்காகச் செய்தது.

அப்படியானால் செல்போன், வீடியோ கேம் வாதம்? அதில் கால்வாசி உண்மை இருக்கிறது, ஆனால் சொல்கிறவர்கள் சொல்கிற கால்வாசி அது அல்ல. 2023-இல் லேரியன் நிறுவனத்தின் பால்டர்ஸ் கேட் 3 வந்தது. அது ஐந்தாம் பதிப்பு டி அண்ட் டி விதியிலேயே ஓடுவது, திரையில் டி20 உருளுவதுகூடத் தெரியும். அதை ஆடியவர்களுக்கு அட்வான்டேஜ் என்றால் என்ன என்று யாரும் சொல்லித்தர வேண்டாம். எனக்குத் தெரிந்தே அதை நூறு மணி நேரத்துக்கு மேல் ஆடியவர்கள் இருக்கிறார்கள், மேஜையில் ஒரு தடவையும் உட்கார்ந்ததில்லை. கிராபிக்ஸில் மயங்கிவிட்டார்கள் என்று நான் நினைக்கவில்லை. ராத்திரி பதினோரு மணிக்கு ஆபீஸ் வேலை முடித்துவிட்டு வந்தாலும் அங்கே டிஎம் தயாராக உட்கார்ந்திருக்கிறார், சலித்துக்கொள்வதில்லை, யாருடைய மாமியார் ஊரிலிருந்து வந்தாலும் செஷன் ரத்தாவதில்லை. பொறுமை இல்லாதவனா நூறு மணி நேரம் உட்காருவான்?

விலை வாதத்தில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. முழு விதிகளும் வேண்டும் என்றால் பிளேயர்ஸ் ஹேண்ட்புக், மான்ஸ்டர் மேனுவல், டன்ஜன் மாஸ்டர்ஸ் கைட் என்று மூன்று தடித்த புத்தகம், 2014-இல் ஒவ்வொன்றும் 49.95 டாலர், நம் பணத்தில் அது பயமுறுத்தும் தொகைதான். ஆனால் அடிப்படை விதிகள் இலவசம். 2023 ஜனவரியில் உரிமம் தொடர்பாகப் பெரிய ரகளை நடந்து, ஆட்டக்காரர்கள் கொதித்து எழுந்த பிறகு, விதிகளின் சாரத்தை கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்திலேயே விட்டுவிட்டார்கள், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். ஐந்து பேர் ஆடுவதற்கு ஒருவர் வாங்கினால் போதும். அந்த ஒருவர் யார் என்று கேட்டால் திரும்ப டிஎம்மிடம்தான் வந்து நிற்கும்: வாங்குகிறவரும் அவர், படிக்கிறவரும் அவர், எல்லோருக்கும் மெசேஜ் போட்டுத் தேதி கேட்கிறவரும் அவர், டீ போடுகிறவரும் பெரும்பாலும் அவர்தான்.

இன்னொரு வாதத்தையும் பார்த்துவிடலாம், அது கொஞ்சம் விவகாரமானது. 2015-இல் கிரிட்டிகல் ரோல் என்ற, டி அண்ட் டி ஆடுவதை இணையத்தில் காட்டும் நிகழ்ச்சியின் ஒளிபரப்பு ஆரம்பித்தது, 2016-இல் ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ் தொடரில் நாலு பையன்கள் வீட்டின் அடித்தள அறையில் உட்கார்ந்து டி அண்ட் டி ஆடினார்கள். உலகமே இந்த ஆட்டத்தின் பெயரைத் தெரிந்துகொண்டது, ஏராளமானவர்கள் உள்ளேயும் வந்தார்கள், ஆகவே ஆளே வரவில்லை என்ற புலம்பலை அப்படியே ஏற்க முடியாது. எனக்குச் சந்தேகம் அடுத்த படியில். கிரிட்டிகல் ரோலில் ஆடுகிறவர்கள் எல்லோரும் தொழில்முறைக் குரல் நடிகர்கள். அங்கே டிஎம்மான மேத்யூ மெர்சர் ஒவ்வொரு கடைக்காரனுக்கும் ஒரு குரல் கொடுத்து நடத்துவதை மூன்று நாலு மணி நேரம் பார்த்துவிட்டு எழுந்தால், ஆட ஆசை வருமே தவிர நடத்தத் தைரியம் வருமா? பார்ப்பவர்கள் பெருகினார்கள், ஆடலாம் என்று நினைப்பவர்கள் பெருகினார்கள், நடத்துகிறவர் எண்ணிக்கை மட்டும் அதே வேகத்தில் ஏறவில்லை. காசு வாங்கிக்கொண்டு ஆன்லைனில் ஆட்டம் நடத்தித் தருகிற டிஎம்கள் இன்றைக்கு இருக்கிறார்கள் என்றால், தட்டுப்பாடு இருக்கிறது என்றுதானே அர்த்தம்.

ஜப்பானில் இது கொஞ்சம் வேறு மாதிரி நடந்தது. அங்கே ஆட்டம் நடந்ததை அப்படியே உரையாடலாக எழுதிப் பத்திரிகையில் போடுவார்கள், ரீப்ளே என்று பெயர். 1986-இல் காம்ப்டிக் பத்திரிகையில் டி அண்ட் டி ஆட்டம் ஒன்று ரீப்ளேவாக வந்ததுதான் பின்னால் ரெக்கார்ட் ஆஃப் லோடாஸ் வார் என்று நாவலும் அனிமேயுமாக வளர்ந்தது. அப்புறம் இணைய வீடியோ காலத்தில் கால் ஆஃப் கதுலு என்ற திகில் ரோல்பிளேயிங் ஆட்டத்தின் ரீப்ளேக்களைப் பார்த்தே ஒரு தலைமுறை அங்கே அந்த ஆட்டத்துக்கு வந்தது. டிஎம் எங்கே சறுக்கினார், ஆட்டக்காரர் எதைக் கேட்டு அவரைத் திணறடித்தார், அவர் எப்படிச் சமாளித்தார் என்பதெல்லாம் ஒரு ரீப்ளேயில் தெரிந்துவிடும். இந்த ஸ்டார்டர் செட்டில் அப்படி ஒரு பத்துப் பக்கம், முதல் கோப்ளின் சண்டையை யாரோ நிஜமாக ஆடியதை எழுதிப் போட்டிருந்தால், பாதி பயம் போயிருக்கும். விதிப் புத்தகத்தில் சின்னச் சின்ன உதாரணம் இருப்பது இதற்கு ஈடாகாது.

பிறகு வந்த பெட்டிகள் தேவலையா? ஓரளவுக்கு. 2019-இல் வந்த எசென்ஷியல்ஸ் கிட்டில் பதினொரு பகடை, டி20 இரண்டு, பாத்திரம் உருவாக்கும் விதி, டிஎம் ஸ்கிரீன் (டிஎம் தன் குறிப்புகளை மறைத்துக்கொள்ளும் தடுப்பு) எல்லாம் உண்டு. முக்கியமாக, ஒரு டிஎம் ஒரு ஆட்டக்காரர் என்று இரண்டே பேர் ஆடுவதற்குத் துணைப் பாத்திர விதி கொடுத்திருக்கிறார்கள். புருஷன் பெண்டாட்டி ஆடலாம், அண்ணன் தங்கை ஆடலாம், தேதி பிடிக்கிற தொல்லை இல்லை. நடத்திப் பழகுவதற்கு ஒரே ஆட்டக்காரர் இருப்பது எவ்வளவு நிம்மதி என்று நடத்திப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கதை மட்டும் ஃபேன்டெல்வர் அளவுக்கு இல்லை, நோட்டீஸ் போர்டில் வேலை பார்த்து எடுத்துக்கொள்கிற மாதிரி துண்டு துண்டாக இருக்கிறது. 2022-இல் வந்த டிராகன்ஸ் ஆஃப் ஸ்டார்ம்ரெக் ஐல் சின்னது, மூன்றாம் லெவலோடு முடிகிறது. முதல் சண்டையில் கடற்கரையில் செத்த மாலுமிகள் ஜாம்பியாக எழுந்து வருவார்கள், கோப்ளின் பதுங்கல் அளவுக்குக் கொலைகாரத்தனம் இல்லை. 2025-இல் வந்த ஹீரோஸ் ஆஃப் தி பார்டர்லேண்ட்ஸ் கார்டு, டோக்கன், வரைபடம் என்று நிரம்பி வழிகிறது, விலையும் 49.99 டாலருக்குப் போய்விட்டது. பொருள் கூடக் கூட டிஎம்மின் கைவேலை குறைகிறது, உண்மைதான். அட்வான்ஸ் கேட்கிற திருடனுக்குப் பதில் சொல்கிற கார்டு இன்னும் வரவில்லை.

டி அண்ட் டிதான் வேண்டும் என்ற பிடிவாதம் இல்லாதவர்களுக்கு நான் வேறு வழி சொல்வேன். கிராண்ட் ஹோவிட் எழுதிய ஹனி ஹைஸ்ட் என்று ஒரு பக்க ஆட்டம் இருக்கிறது, 2017-இல் வந்தது. எல்லோரும் கரடிகள், தேன் திருடப் போகிறார்கள். ஒவ்வொரு கரடிக்கும் இரண்டே எண்: எவ்வளவு கரடி, எவ்வளவு திருடன். லூடோ டப்பாவில் இருக்கிற ஆறுமுகப் பகடை போதும். ஒரே மாலையில் முடிந்துவிடும், சொதப்பினாலும் சிரிப்புதான் வரும். நடத்துகிறவர் படிக்க வேண்டியது ஒரு பக்கம். புதிய டிஎம் ஒருவர் முதலில் இப்படி ஒன்றை நடத்திக் கூச்சம் தெளிந்துவிட்டுப் பிறகு ஃபேன்டெல்வருக்கு வந்தால், அந்த 64 பக்கம் அவரைப் பயமுறுத்தாது. ஐந்து லெவல், பல மாதம், வாராவாரம் ஒரே ஆட்கள் என்ற கேம்பெயின் கனவோடுதான் ஆரம்பிக்க வேண்டும் என்று யார் சொன்னது என்றே எனக்குத் தெரியவில்லை. வேலைக்குப் போகிற ஐந்து பேரை வாராவாரம் கூட்டுவதைவிட டிராகனைக் கொல்வது சுலபம்.

ஆகவே, 2014 ஸ்டார்டர் செட் வாங்கலாமா? ஏற்கெனவே எங்காவது ஒரு மேஜையில் ஆடிப் பழகி, இப்போது நடத்திப் பார்க்கலாம் என்று நினைப்பவர் என்றால், பழையது எங்கே கிடைத்தாலும் கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள், கதை பத்துக்கு ஒன்பது. 2023-இல் இதே கதையை நீட்டி ஃபேன்டெல்வர் அண்ட் பிலோ என்று தடித்த புத்தகமாகப் போட்டார்கள், புதியவர்களுக்கு அது வேண்டாம், முன்பாதி நன்றாக இருந்தாலும் கனம் தாங்காது. யாருமே ஆடிப் பார்த்திராத கூட்டம் என்றால் எசென்ஷியல்ஸ் கிட் வாங்கி முதலில் இரண்டு பேராக ஆடுங்கள். பரிசாகக் கொடுக்க வாங்குகிறவர்கள், தயவுசெய்து பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போய்விடாதீர்கள், உட்கார்ந்து முதல் அத்தியாயத்தையாவது நடத்திக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

ஃபேன்டெல்வர்தான் நடத்தப்போகிறீர்கள் என்றால் சில கைவைத்தியம். மேஜையில் மூன்று பேருக்கு மேல் இல்லாவிட்டால் ரோட்டில் கோப்ளின்களை இரண்டாகக் குறைத்துவிடுங்கள், புத்தகம் கோபித்துக்கொள்ளாது. அந்த மயக்கத்தில் விட்டுப் போகிற வரியை முன்கூட்டியே படித்து, எழுந்ததும் என்ன நடக்கும் என்று நாலு வரி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். குகையின் வரைபடத்தைப் பேப்பரில் பெரிதாக, இரகசியம் இல்லாமல், முன்பே வரைந்துவிடுங்கள். விதி மறந்துவிட்டால் புத்தகத்தைத் தேடாதீர்கள், டி20-ஐ உருட்டச் சொல்லி 10-க்கு மேல் வந்தால் நடந்தது என்று வைத்துக்கொண்டு மேலே போங்கள், செஷன் முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஈமிக் பேசுகிற இடத்தை மட்டும் அவசரப்படுத்தாதீர்கள், அங்கே எவ்வளவு நேரம் போனாலும் போகட்டும்.